நாடக மேடையில நடந்த எங்க பள்ளிக்கூடம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் செயலாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். கல்யாணம் ஆகி வந்த பிறகு எழுத்தே மறந்து போயிருக்கும். குழுவுல ஊக்குநரா இருந்து தீர்மான நோட்டு எழுதி எழுதித்தான் கையெழுத்து இன்னும் நிக்குது. "நீங்க எல்லாம் சேர்ந்து பள்ளிக்கூடம் கட்டினீங்களே, அதைப் பேசுங்க"ன்னு மேடம் சொன்னாங்க. முதல்லயே ஒரு விஷயத்தைச் சொல்லிடுறேன். கட்டடத்தை நாங்க கட்டலை. அரசாங்கப் பணத்துல, ஒன்றியம் டெண்டர் விட்டு, கொத்தனார் கட்டினது. நாங்க என்ன செஞ்சோம்னா, அது வர்ற வரைக்கும் விடாம நடந்தோம், வந்த பிறகு அது ஒழுங்கா வருதான்னு பார்த்தோம். அதுக்குள்ளயே இவ்வளவு கதை இருக்கு.

எங்க ஊரு முதுகுளத்தூர் பக்கம். ராமநாதபுரம் மாவட்டத்துல எல்லா ஊரும் மாதிரித்தான். வானம் பார்த்த பூமி. புரட்டாசி ஐப்பசியில மழை வந்தா நெல்லு, அதுக்குப் பின்னாடி முண்டு மிளகாய். மழை ஏமாத்திட்டா சீமைக் கருவேல மரம் வெட்டி மூட்டம் போட்டு கரி எடுக்கிறது. ஆம்பளைங்க பாதிப் பேரு திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை. எங்க வீட்டுக்காரரும் திருப்பூர்ல பனியன் கம்பெனியிலதான் இருக்காரு.

எங்க ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஓட்டுக் கட்டடம். எங்க வீட்டுக்காரரோட அப்பத்தா உயிரோட இருந்தப்ப சொல்லும், "அது எங்க பனைடா, எங்க கல்லுடா"ன்னு. அந்தக் காலத்துல ஊருக்காரங்க ஆளுக்கு ஒரு பனை வெட்டிக் கொடுத்து, அந்தப் பனங்கையிலதான் மேல்கூரை நின்னுதாம். அப்பத்தா கதை விடுதுன்னு நான் நினைச்சிருக்கேன். டீச்சர்தான் ஒரு நாள் சொன்னாங்க. காமராஜர் முதலமைச்சரா இருந்தப்ப, 1958-ல் இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடத்தினாங்களாம். கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதை முன்னால நின்னு நடத்தினாராம். நிலம் கொடுத்தவங்க, பெஞ்சு கொடுத்தவங்க, பிள்ளைங்க சாப்பிட தட்டு கொடுத்தவங்கன்னு ஏழை சனங்களே பள்ளிக்குக் கொடுத்திருக்காங்க. அதைக் கேட்ட பிறகு அப்பத்தா மேல எனக்கு மரியாதை கூடிப் போச்சு. அதுகிட்ட இன்னும் கொஞ்சம் கேட்டு வச்சிருக்கலாம்.

2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஒரு பள்ளிக்கூடத்துல கழிப்பறைச் சுவர் இடிஞ்சு விழுந்து மூணு பையன்க இறந்து போனாங்க. டிவியில பார்த்துட்டு அன்னைக்கு எங்க தெருவுல யாருமே சோறு ஆக்கலை. அதுக்குப் பின்னாடி தமிழ்நாடு முழுக்க பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. எங்க பள்ளிக்கும் இஞ்சினியர் வந்தாரு. மழைக்கு ஊறி ஒரு பக்கச் சுவர் வயித்தைத் தள்ளிக்கிட்டு நின்னுச்சு. பார்த்துட்டு இடிக்கணும்னு எழுதிட்டுப் போனாரு. தை மாசம் முடியறதுக்குள்ள ஜேசிபி வந்து ஒரே காலையில தரைமட்டம் ஆக்கிருச்சு.

இடிச்சது தப்புன்னு நான் சொல்லலை. ஒரு பிள்ளை உயிரு போறதுக்குப் பதிலா நூறு கட்டடம் போகலாம். ஆனா இடிச்சவங்க புதுசு எப்ப வரும்னு சொல்லலை. அதுதான் எங்க பிரச்சனை.

பள்ளிக்கூடம் நாடக மேடைக்கு வந்துச்சு. எங்க ஊர்லயும் காளியம்மன் கோயில் முன்னால பொங்கலுக்கு வள்ளி திருமணம் நாடகம் போடுற மேடை இருக்கு. மூணு பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்தது. ஒண்ணாப்பு முதல் அஞ்சாப்பு வரைக்கும் அந்த ஒரே மேடையில. டீச்சர் ஒரு மூலை, இன்னொரு டீச்சர் ஒரு மூலை. ஒருத்தர் வாய்ப்பாடு சொல்ல, இன்னொருத்தர் பாட்டு சொல்ல, பிள்ளைங்க ரெண்டையும் கலந்து சொல்லும். வெயில் காலத்துல பதினோரு மணிக்கு மேல வெயில் உள்ள வந்துரும், பிள்ளைங்க சுவரோட ஒட்டி ஒட்டி நகரும். மழைன்னா சாரல். நோட்டை வயித்துல வச்சு மூடிக்கிட்டு உட்காந்திருக்கும். பழைய பள்ளி மணி ஒரு தண்டவாளத் துண்டு. அதை மேடைத் தூண்ல கட்டித் தொங்கவிட்டாங்க. திருவிழா வந்தா நாடகத்துக்கு மேடை வேணுமே, அதனால பள்ளிக்கூடத்துக்கு லீவு. சிரிக்கிறீங்க. அன்னைக்கு நாங்களும் சிரிச்சோம்.

ஆனா நான் ஏன் சிரிச்சேன் தெரியுமா? என் பிள்ளை அந்த மேடையில இல்லை. அதான்.

இதை எங்க குழுவுல பல பேருக்குத் தெரியும், தெரியாதவங்களும் இங்க இருக்காங்க. சொல்லித்தான் ஆகணும். 2021-லயே என் மகளை வேன் வர்ற இங்கிலீஷ் மீடியம் பள்ளியில ரெண்டாம் வகுப்பு சேர்த்துட்டேன். ஃபீஸ் கட்ட கையில பணம் இல்லை. குழுவுல 15,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். காரணம் என்ன எழுதினேன்? ஆடு வாங்கன்னு எழுதினேன். நோட்டு எழுதுறவளே நான்தானே. வட்டியோட மாசா மாசம் ஒழுங்கா கட்டினேன், அதுல குறை இல்லை. ஆனா அந்த ஆடு இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுக்கு வரலை.

என்னை மாதிரியே ஆளாளுக்குக் கொண்டு போயிட்டோம். கடன் வாங்க வழி இருந்தவங்க பிள்ளை வேன்ல போச்சு. வழி இல்லாதவங்க பிள்ளை, அப்பா அம்மா வெளியூர் போய் பாட்டிகிட்ட வளர்ற பிள்ளை, இதுங்கதான் மேடையில. 11 பிள்ளை. 2019-ல இப்படிப் பிள்ளையே இல்லாத 40-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளை மூடி நூலகமா மாத்தினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கட்டடமும் இல்லை, பிள்ளையும் இல்லைன்னா எங்க ஊருக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்னு கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த பள்ளிக்கூடம் கண்மாய்க் கரையைச் சுத்தி மூணு கிலோமீட்டர். ஒண்ணாப்புப் பிள்ளை நடக்குமா?

2022-ல பள்ளி மேலாண்மைக் குழுவைத் திருப்பி அமைச்சாங்க. 20 பேர். அதுல 15 பேர் பெற்றோர். தலைவர் பதவிக்கு அங்க படிக்கிற ஒரு பிள்ளையோட அம்மா வரணும். கூட்டம் மேடைக்கு முன்னால வேப்ப மரத்தடியில நடந்துச்சு. நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். "அவதான் நல்லா எழுதுவா, ஆபீஸ்ல பேசுவா, அவளைத் தலைவியாப் போடுங்க"ன்னு நாலஞ்சு பேரு என்னைக் காட்டினாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஆசைதான். அப்ப எங்க மதினி ஒருத்தவங்க எழுந்திரிச்சு, "ஏண்டி, ஒம்பிள்ளை எங்கடி படிக்குது?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லலை. நான் வீட்டுக்கு வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி தூங்கலை. மதினி மேல கோவம்தான் முதல்ல. அவங்க பேரன் அந்த மேடையிலதான் படிக்குது. அவங்க மருமக கரிமூட்டத்துக்குப் போகுது. அதை நினைச்ச பிறகு கோவம் போயிருச்சு.

எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "பிள்ளையைக் கொண்டு போய் நாடகக் கொட்டகையில உட்கார வைக்கப் போறியா? நான் எதுக்குடி இங்க ராத்திரி ஷிப்டு பார்க்குறேன்?"ன்னு சத்தம் போட்டாரு. அவர் கேட்டதுல நியாயம் இல்லாம இல்லை. பத்து நாள் பேசலை. நான் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன். மிளகாய் போட்ட கமிஷன் மண்டிச் சீட்டை மகள்கிட்ட கொடுத்து படிக்கச் சொன்னேன். மூட்டை எத்தனை, எடை எத்தனை, ஒண்ணும் அதுக்குப் படிக்க வரலை. கொரோனாவுல ரெண்டு வருசம் போனது ஒரு காரணம், அந்தப் பள்ளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனா 15,000 கொடுத்தும் இதுதான்னா, டீச்சர்கிட்டயே விட்டா என்ன? அந்த வருசம்தான் ஒண்ணு முதல் மூணாம் வகுப்பு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு. டீச்சர் அட்டையும் குச்சியும் வச்சு சொல்லிக் கொடுக்கிறதை நான் தூரத்துல நின்னு பார்த்திருக்கேன்.

ஜூன்ல மகளை மூணாம் வகுப்புல சேர்த்தேன். முதல் நாள் ஷூ போட்டுக்கிட்டுத்தான் போவேன்னு அடம் பிடிச்சுப் போச்சு. மத்த பிள்ளைங்க எல்லாம் செருப்பை மேடைக்குக் கீழ விட்டுட்டு ஏறுதுங்க. சாயங்காலம் ஷூவைக் கையில பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே வந்துச்சு. நானும் அழுதேன். நல்லா இருந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்.

அதுக்கு அடுத்த குழுக் கூட்டத்துல ஆடு விஷயத்தை நானே சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். ஒருத்தி, "நான் மாடு வாங்கன்னு எழுதினேன்"னு சொன்னா. அவ பிள்ளையும் வேன்ல போகுது. இன்னொருத்தி தையல் மிஷின். கடைசியில பார்த்தா எங்க குழுவுல இருந்து போன ஆடு மாடு மிஷின் எல்லாம் ஒரே வேன்லதான் போயிருக்கு. அந்தச் சிரிப்புலதான் முதல் முறையா பள்ளிக்கூடத்தைப் பத்தி குழுவுல பேச ஆரம்பிச்சோம். அதுவரைக்கும் சேமிப்பு, கடன், வங்கி இது தவிர வேற பேச்சு கிடையாது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியா மதினியோட மருமக இருந்துச்சு. நான் அதுக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஆளா இருந்தேன். அதுவே எனக்குச் சரி.

2022 ஆகஸ்ட் 15 கிராம சபை. வழக்கமா பொம்பளைங்க போனா மிட்டாய் வாங்கிட்டு, கையெழுத்துப் போட்டுட்டு வருவோம். அன்னைக்கு எங்க ஊராட்சியில உள்ள 9 குழுவுல இருந்தும் பெண்கள் போய் முன்னால உட்கார்ந்தோம். பள்ளிக் கட்டடம் வேணும்னு தீர்மானம் போடச் சொன்னோம். "ஏற்கனவே அனுப்பியாச்சும்மா"ன்னு சொன்னாங்க. "அனுப்பினதோட நகலைக் காட்டுங்க"ன்னு கேட்டோம். நகல் இல்லை. தலைவர் அவர்கள் இங்கேயே இருக்காங்க, கோவிச்சுக்கக் கூடாது, அன்னைக்கு அவங்களுக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. அங்கேயே தீர்மானம் எழுதி, நான் கூட இருந்து வரிக்கு வரி படிச்சுப் பார்த்து, நகல் வாங்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். அந்த நகல், இடிச்ச இடத்தோட போட்டோ, மேடையில மழைக்கு நனைஞ்ச பிள்ளைங்க போட்டோ, இஞ்சினியர் எழுதின பழுதுச் சான்று, எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டோம். ஒன்றிய அலுவலகத்துக்கு அஞ்சு தடவை, கலெக்டர் ஆபீஸ்ல திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ரெண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரு. போற அன்னைக்கு அவங்களோட கூலியை மத்தவங்க ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுக் கொடுத்தோம். இது ரொம்ப முக்கியம். கூலி போகுதுன்னா யாரும் ரெண்டாம் தடவை வர மாட்டாங்க.

அந்த ஃபைலால வந்துச்சா, எப்படியும் வந்திருக்குமா, எனக்குத் தெரியாது. குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்துல எங்க பள்ளிக்கு ரெண்டு வகுப்பறை வந்துச்சு. 2023-ல வேலை தொடங்கிருச்சு.

இனிமேத்தான் தண்ணிக் கதை. இதைத்தான் நான் நிறையச் சொல்லணும்னு வந்தேன்.

எங்க மண்ணு கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்கு ஆள் கால் போற அளவு வெடிக்கும். அதனால அஸ்திவாரம் ஆழமாத் தோண்டினாங்க, அது நல்லபடியா நடந்துச்சு. தூண் எழும்பினப்ப பள்ளி பக்கத்துல இருக்கிற ஆழ்குழாய்த் தண்ணியை ஊத்த ஆரம்பிச்சாங்க. அந்தத் தண்ணியை எங்க ஊர்ல மாடு கூடக் குடிக்காது. அவ்வளவு உப்பு. குளிச்சா தலை சிக்காப் போகும். எங்க குழுவுல ஒருத்தி சென்னையில எட்டு வருசம் சித்தாள் வேலை பார்த்துட்டு வந்தவ. அவதான் பார்த்துட்டு ஓடி வந்தா. "அக்கா, உப்புத் தண்ணியில கலவை போட்டா உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிக்கும், கம்பி உப்பி காரை பேந்துரும், பத்து வருசத்துல இதையும் இடிக்கணும்"னு சொன்னா.

போய்க் கேட்டோம். வேலை எடுத்தவர், "இந்த ஊர்ல நல்ல தண்ணிக்கு நான் எங்கம்மா போவேன்? லாரித் தண்ணி எஸ்டிமேட்ல இல்லை. உங்களுக்கு என்ன தெரியும், போய் வேலையைப் பாருங்க"ன்னு சொன்னாரு. அவரையும் முழுசாக் குத்தம் சொல்ல முடியாது. எங்க பக்கம் நல்ல தண்ணி இல்லைங்கிறது உண்மைதானே. ஆனா என்ன தெரியும்னு கேட்டது எங்களுக்குச் சுட்டுச்சு. இஞ்சினியருக்குப் போன் பண்ணினோம். அவரு வந்து தண்ணியை வாயில வச்சுப் பார்த்துத் துப்பிட்டு, இது கூடாதுன்னு சொல்லிட்டாரு. வேலை நின்னு போச்சு. ஒரு நாள், ரெண்டு நாள், பன்னெண்டு நாள். ஊர்ல ஆம்பளைங்க எங்களைத் திட்ட ஆரம்பிச்சாங்க. "வந்த கட்டடத்தையும் பொம்பளைங்க சேர்ந்து விரட்டிட்டாளுக"ன்னு டீக்கடையில பேச்சு. எனக்கும் பயம்தான். திரும்பிப் போயிட்டாங்கன்னா மதினி முகத்துல எப்படி முழிப்பேன்?

கூட்டமைப்புல கூட்டம் போட்டோம். கலவைக்கு லாரித் தண்ணி அவங்க போடணும், கட்டின பிறகு நனைக்கிறதுக்கு ஊருணித் தண்ணி நாங்க கொடுக்கிறோம்னு பேசி முடிச்சோம். இஞ்சினியர் சாரும் நடுவுல நின்னாரு. வேலை எடுத்தவரும் ஒத்துக்கிட்டாரு.

நம்ம மாவட்டத்துல தண்ணி வண்டி இல்லாத வீடு உண்டா? நாலு குடம் வைக்கிற தள்ளுவண்டி, ஆறு குடம் வைக்கிற தள்ளுவண்டி. 9 குழுவும் முறை போட்டோம். ஒரு நாளைக்கு ஒரு குழு. காலையில அஞ்சு மணிக்கு ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. தூணுக்குச் சாக்கு சுத்தி நனைக்கணும். மேல்தளம் போட்ட பிறகு வயல்ல பாத்தி கட்டுற மாதிரியே சின்னச் சின்னதா வரப்பு கட்டி அதுல தண்ணி நிறுத்தணும். நெல்லு வயலுக்குக் கட்டின பாத்தியில அந்த வருசம் எங்களுக்குத் தண்ணி நிக்கலை, பள்ளிக்கூடத்து மாடியில நின்னுச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல ஒரு வேளை கூட விடலை. ஒரு நாள் எங்க குழு முறை, எனக்குக் காய்ச்சல். என் மகள்தான் அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சு பாட்டியோட வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போச்சு. ஷூவுக்கு அழுத பிள்ளை.

பணம்னு பார்த்தா நாங்க போட்டது கொஞ்சம்தான். இடம் பள்ளமா இருந்துச்சு, மழைக்குத் தண்ணி தேங்கும். கட்டடப் பணத்துல அதுக்கு வழி இல்லை. குழுவுக்கு 3,000 வீதம் 27,000 ரூபாய் போட்டு கிராவல் அடிச்சு நிரவினோம். மிளகாய் பழம் எடுக்கிற சமயம்கிறதால ஒவ்வொருத்தரும் கூலியில இருந்து கொடுத்தாங்க. யார் யார் எவ்வளவுன்னு நோட்டுல இருக்கு. இந்தத் தடவை காரணம் சரியா எழுதியிருக்கேன்.

நடுவுல 2023 ஆகஸ்ட்ல காலை உணவுத் திட்டம் எல்லாக் கிராமத்துப் பள்ளிக்கும் வந்துச்சு. சமைக்கிறது குழுப் பெண்கள், அவங்க பிள்ளை அதே பள்ளியில படிக்கணும். இதுக்காகவே ரெண்டு பேரு பிள்ளையைத் திருப்பிச் சேர்த்தாங்க, அதை மறைக்க வேண்டியது இல்லை. விடியறதுக்கு முன்னால மரம் வெட்டப் போற அம்மாக்களோட பிள்ளைங்க அதுவரைக்கும் வெறும் வயித்தோடதான் வந்துச்சுங்க. மேடையில உட்கார்ந்து பிள்ளைங்க ரவா உப்புமா சாப்பிட்டதைப் பார்த்த பிறகு, வேனுக்குக் காசு கட்டிக்கிட்டு இருந்த இன்னும் சில பேரு மனசு மாறினாங்க.

2024 ஜூன்ல புதுக் கட்டடத்துல பள்ளி திறந்துச்சு. 26 பிள்ளைங்க. எங்க வீட்டுக்காரர் அதுக்காகவே திருப்பூர்ல இருந்து வந்தாரு. ஒண்ணும் பேசலை. உள்ள போய் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு, "கலவை நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னாரு. தண்டவாள மணியைத் தூண்ல இருந்து அவிழ்த்துக் கொண்டு வந்து அவர்தான் கட்டினாரு. மதினி பேரன் அடிச்சான். என் மகள் இப்ப அஞ்சாம் வகுப்பு. மண்டிச் சீட்டை அதுதான் படிச்சுக் கணக்குப் பார்க்குது. போன தடவை எடையில ரெண்டு கிலோ குறைச்சு எழுதியிருந்ததைக் கண்டுபிடிச்சுருச்சு.

இன்னும் குறை இருக்கு. கழிப்பறைக்குத் தண்ணி இன்னும் தள்ளுவண்டியிலதான் போகுது. சுற்றுச்சுவர் இல்லாததால ஆடு மாடு உள்ள வருது. சுற்றுச்சுவரை ஊரக வேலைத் திட்டத்துல எடுக்கலாம்னு மேடம் சொல்லியிருக்காங்க. அக்டோபர் 2 கிராம சபையில அதைத்தான் வைக்கப் போறோம், தலைவர் அவர்கள் இப்பவே குறிச்சு வச்சுக்கணும்னு கேட்டுக்கிறேன்.

பக்கத்து ஊர்ச் சகோதரிகள் ரெண்டு பேரு சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட வந்து, எங்க பள்ளி இன்னும் மகளிர் கட்டடத்துலதான் நடக்குதுன்னு சொன்னாங்க. எங்க ஃபைலை நான் இன்னைக்குக் கையோட கொண்டு வந்திருக்கேன். கூட்டம் முடிஞ்சதும் வாங்க, எந்தக் காகிதம் எந்த ஆபீஸ்ல வாங்கணும்னு காட்டுறேன். ஜெராக்ஸ் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துருங்க, ஒரிஜினல் அது ஒண்ணுதான் இருக்கு.